டிரங்குப் பெட்டி நிறைய நாடக நோட்டீஸ்: ஒரு கிளை நூலகருக்குப் பதில்

கேள்வி: மேலூர்ப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் இரண்டு நாள் பயிற்சியில் இருபதுக்கும் மேற்பட்ட இணையக் கருவிகளைக் காட்டினார்கள். ஒரே வாரத்தில் எல்லாம் மறந்துபோயிற்று. எதிலிருந்து தொடங்குவது, ஐயா? இன்னொன்று, வேலைக்குச் சம்பந்தமில்லாதது. என் அப்பா ஸ்பெஷல் நாடகங்களுக்கு மிருதங்கம் வாசித்தவர். 1971இல் முதன்முதலாக மேடையேறினார். அவர் சேர்த்துவைத்த நாடக நோட்டீஸ்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. தூக்கிப் போட மனம் வரவில்லை. ஒன்றில் ‘சித்திரை 27, மே 10, வெள்ளிக்கிழமை, வள்ளி திருமணம்’ என்று இருக்கிறது, ஆண்டையே காணோம். இவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்:

இரண்டாவது கேள்வியை வேலைக்குச் சம்பந்தமில்லாதது என்று ஒதுக்கி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கேள்விக்கான பதிலாகத் தெரிகிறது. அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், பயிற்சியில் காட்டிய இருபதில் ஐந்தாறு கருவிகள் தாமாகவே கைக்கு வந்துவிடும். மீதியை மறந்தால் குற்றமில்லை. மதுரையில் ஒரு கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பயிற்சிக்குப் போயும் இருக்கிறேன், பயிற்சி கொடுத்தும் இருக்கிறேன். கொடுத்ததில் பாதி, மதியச் சாப்பாடு முடிந்த கையோடு யாருக்கும் நினைவில் நின்றதில்லை. எனக்கும்தான்.

உங்கள் பயிற்சியைக் குறை சொல்ல மாட்டேன். நூலகப் பணியாளர்களுக்கு இணையக் கருவிகளைப் பழக்குவது எல்லா ஊரிலும் தலைவலிதான். 2006இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், ஷார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் புளோவர்ஸ் என்ற அம்மையார் இதற்கு ஒரு வழி கண்டார். வகுப்பு எதுவும் நடத்தவில்லை. 23 சிறு வேலைகளைப் பட்டியல் போட்டு, ஒன்பது வாரத்துக்குள் அவரவர் போக்கில் செய்துபாருங்கள் என்று விட்டுவிட்டார். முடித்தவர்களுக்கு ஒரு எம்பி3 பிளேயர் பரிசு. அந்த ‘23 வேலைகள்’ பிறகு பல நாட்டு நூலகங்களுக்குப் பரவியது. அந்தக் காலத்தில் நூலகர்கள் விழுந்து விழுந்து பழகிய கருவிகளில் பல இன்று இல்லை. பல தளங்களின் புதுச் செய்திகள் ஓரிடத்தில் வந்து சேரும் செய்தி ஓடைகளைப் படிக்க எல்லோரும் கொண்டாடிய கூகுள் ரீடர் 2013 ஜூலையோடு மூடப்பட்டது. ஆனால் அந்த ஒன்பது வாரத்தில் தன் பூனைப் படத்தையோ பாட்டியின் சமையல் குறிப்பையோ வைத்து விளையாடிப் பார்த்தவருக்குப் புதிதாக ஒன்றைக் கண்டால் தொட்டுப்பார்க்கும் துணிச்சல் மட்டும் மிஞ்சியிருக்கும். அது மூடப்படாது.

நம் தொழிலில் சொந்தப் பித்து என்றைக்கும் வெளியாளாக இருந்ததில்லை. 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக வந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். லண்டனில் ஒரு பொம்மைக் கடையில் மெக்கானோ விளையாட்டுச் சட்டங்களை விதவிதமாகப் பூட்டிக் காட்டியதைப் பார்த்துத்தான் நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறைக்கான பொறி அவருக்குத் தட்டியது. உங்கள் பெட்டிக்கு இன்னும் பக்கத்து உறவு ரோஜா முத்தையா. காரைக்குடிக்கு அருகே கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். நூல்களோடு நிறுத்தாமல் அழைப்பிதழ், துண்டுப் பிரசுரம், நாடக நோட்டீஸ் என்று மற்றவர் குப்பையில் போட்டதையும் சேர்த்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது நிலைத்தது. உங்கள் அப்பாவும் அந்தச் சாதிதான். அவருடையது ஒரு பெட்டி அளவு, அவ்வளவே வித்தியாசம்.

ஸ்பெஷல் நாடகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும் மற்றவர்களுக்காக நான்கு வரி. இதில் நிரந்தரக் குழு கிடையாது. கதாநாயகனான ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியான ஸ்திரீபார்ட் வேறோர் ஊர், கோமாளியான பபூன் மற்றோர் ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும், பல தாளக் கருவிகளை ஒருவரே வாசிக்கும் ஆல்ரவுண்டும் தனித்தனி. விழாக் குழு ஒவ்வொருவரையும் தனியாகப் பேசி அமர்த்தும். இரவு பத்து மணிவாக்கில் மேடையில் சந்தித்து, ஒத்திகை இல்லாமல் விடிய விடிய ஆடிவிட்டுப் பிரிந்துவிடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் கட்டிக்கொடுத்த கதையும் பாட்டும் எல்லோருக்கும் பாடம் என்பதால் இது நடக்கிறது. மாசி, பங்குனியில் சூடு பிடித்தால் மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைச் சீமைகளில் மாதக்கணக்கில் ஓயாது. குழு இல்லாததால் குழுவுக்கென்று கணக்கோ பதிவேடோ ஆவணமோ இல்லை. எந்த இரவில் யார் யாரோடு எந்த ஊரில் ஆடினார்கள் என்பதற்கு மிஞ்சும் காகிதச் சாட்சி அந்த ரோஸ் நிற, மஞ்சள் நிற நோட்டீஸ் மட்டுமே. அதில் ஊர் இருக்கும், கோயில் இருக்கும், கலைஞர்களின் படமும் பட்டப் பெயரும் இருக்கும், உபயம் கொடுத்தவர் பெயர் இருக்கும், அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கும். ஒரே ஓர் இரவுக்காக அச்சடித்து, மறுநாள் காலையில் பஜ்ஜி மடிக்கப் போய்விடும் தாள். அப்பா அவற்றை மடித்து வைத்தாரே, அதற்கே அவருக்கு ஒரு கும்பிடு.

இனிக் கருவிகள். முதலில் தட்டச்சு. ‘அதுதான் தெரியுமே’ என்று தாண்டிப் போகாதீர்கள். இதில் நான் பட்டது பெரும் பாடு. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் நூலகத்தில் தமிழ் நூல்களின் பட்டியலை நானும் ஓர் உதவியாளரும் மாலை மாலையாக உட்கார்ந்து கணினியில் ஏற்றினோம். நாலாயிரத்துச் சொச்சம் நூல்கள். பழைய தட்டச்சுப்பொறி விசையமைப்பைத் தழுவிய ஒரு எழுத்துருவில் அடித்தோம். அன்று அதுதான் வழக்கம். சில ஆண்டு கழித்துக் கணினியை மாற்றினார்கள். புதியதில் அந்த எழுத்துரு இல்லை. கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. நாலாயிரம் நூலும் அப்படி. கணினிக்குள் நாங்கள் சேமித்தது ஆங்கில எழுத்துகளை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. முகமூடி போனதும் முகம் தெரிந்துவிட்டது. உதவியாளர் என்னைப் பார்த்தார், நான் ஜன்னலைப் பார்த்தேன். மாற்றித் தரும் மென்பொருள் பின்னால் கிடைத்தது என்றாலும், கொம்பும் காலும் இடம் மாறிப் போன சொற்களைத் திருத்த இரண்டு கோடை விடுமுறை பிடித்தது.

பெரிய முயற்சிகளுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பெயரில்தான் மதுரை. உலகெங்கும் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். அவர்களும் முதலில் வேறு குறியேற்றத்தில் அடித்ததைப் பின்னால், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொதுக் குறியேற்றமான யூனிக்கோடுக்கு மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆகவே எது அடித்தாலும் யூனிக்கோடில் அடியுங்கள். அலுவலகச் சுற்றறிக்கையை எந்த எழுத்துருவில் கேட்டாலும் கேட்கட்டும், உங்கள் பட்டியல் யூனிக்கோடில் இருக்கட்டும். விசையமைப்புக்குத் தமிழ்99 பழகுங்கள். 1999 சென்னை மாநாட்டில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 12 உயிர், 18 மெய், ஒரு புள்ளி என 31 விசைகளில் அடிப்படை எழுத்தெல்லாம் அடங்கிவிடும். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். இரட்டிக்கும் மெய்க்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பத்து நாள் விரல் தடுமாறும், பதினோராம் நாள் சரியாகிவிடும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறை அவசரத்துக்கு நல்லது. முந்நூறு நோட்டீஸ் அடிக்க வேண்டியவர் அதை நம்பினால் ழகர ளகரம் நாள் முழுக்கச் சண்டைக்கு வரும்.

அடுத்தது விரிதாள். பயிற்சியில் எக்செல்லோ கூகுள் ஷீட்டோ காட்டியிருப்பார்கள், சம்பளப் பட்டியலை உதாரணமாக வைத்து. யாருக்கு மனதில் நிற்கும்! நீங்கள் நோட்டீஸை வைத்துத் தொடங்குங்கள். இங்கேதான் உங்கள் பதினொரு ஆண்டு வரவுப் பதிவேட்டுப் பழக்கம் கைகொடுக்கப் போகிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். அந்த எண் மறுபடி வேறொன்றுக்குப் போகக் கூடாது. ஒரு பத்திக்கு ஒரு செய்தி. தேதி, ஊர், கோயில், நாடகம், ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், பக்கவாத்தியம், அச்சகம், தாளின் நிறம்.

இதில் ஒன்றை மட்டும் கட்டாயம் செய்யுங்கள். ஊருக்கும் ஆளுக்கும் இரண்டிரண்டு பத்திகள். ஒன்றில் அச்சில் உள்ளபடி, பிழையோடு. மற்றதில் நீங்கள் ஒருமைப்படுத்தியபடி. ஒரே நடிகை ஒரு நோட்டீஸில் ஊர்ப் பெயரோடும், இன்னொன்றில் பட்டத்தோடும், வேறொன்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடும் வருவார். ‘இசை’ என்றும் ‘இன்னிசை’ என்றும் பட்டம் ஆளுக்கு ஆள் அலையும். புதுப்பட்டி என்று மட்டும் போட்டிருந்தால் நம் ஜில்லாவில் எந்தப் புதுப்பட்டியைத் தேடுவீர்கள்? ‘இவரும் அவரும் ஒருவரா, வேறா’ என்று முடிவு செய்வது நூலகருக்குத் தொழில். கணினி படித்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வெவ்வேறாக எழுதிய பெயர்களைக் கணினி வெவ்வேறு ஆட்களாகவே எண்ணும். அந்த இரண்டாவது பத்தியை நிரப்பி, வடிகட்டியும் வரிசைப்படுத்தியும் பார்க்கக் கற்றுக்கொண்டீர்களானால் விரிதாளில் தேவையானதில் முக்கால்வாசி வந்துவிட்டது. அப்பா எந்த ஆண்டில் எத்தனை இரவு வாசித்தார் என்று ஒரு சொடுக்கில் தெரியும் நாளில் இப்படித் தொகுத்து எண்ணிக் காட்டும் பைவட் டேபிளை யாரும் உங்களுக்கு மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்காது.

படமெடுப்பதற்குக் கைபேசி போதும். மதிய வெயில் நேரடியாக விழாத ஜன்னல் ஓரம், ஃபிளாஷ் கூடாது. தாள் மெல்லியதாக இருந்து பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்தால் அடியில் கறுப்புத் தாள் வையுங்கள், மங்கிவிடும். ஸ்கேன் செயலிகள் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையாக்கிப் பளிச்சென்று காட்ட ஆசைப்படும். அந்த வசதியை அணைத்துவிடுங்கள். தாளின் நிறமும், மடிப்பும், ஓரத்தில் அப்பா பென்சிலால் எழுதிய கணக்கும் சேர்த்துத்தான் அந்த நோட்டீஸ். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது விரிதாள் எண்ணையே பெயராக வையுங்கள். ‘புதிய படம் 7 நகல் இறுதி’ என்றெல்லாம் வைத்தால் ஆறு மாதத்தில் அழுவீர்கள். நகல் மூன்று இடத்தில்: கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, மேகச் சேமிப்பில் ஒன்று. மூலத்தைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன்: லேமினேட் செய்யாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். டிரங்குப் பெட்டி கெட்டியாக இருந்தால் அதிலேயே இருக்கட்டும், தரையைத் தொடாமல் இரண்டு செங்கல் மேல்.

எழுத்துணரி மீது அதிக நம்பிக்கை வைக்க வேண்டாம். படத்தைக் கொடுத்தால் எழுத்தாக்கித் தரும் வசதி, தமிழ்ப் புத்தகப் பக்கங்களுக்கு இன்று வியக்கத்தக்க அளவில் வேலை செய்கிறது. நாடக நோட்டீஸில் அது திணறும். வளைந்த தலைப்பு, வட்டத்துக்குள் முகம், படத்தின் மேலேயே பெயர், நட்சத்திரத்துக்குள் ‘இன்றிரவு’. இவற்றைக் கையால் அடிப்பதுதான் விரைவு. எழுத்துணரி எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும் என்று பழக வேண்டுமானால் பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் எழுத்தாக்கும் தமிழ் விக்கிமூலத்தில் நாளுக்கு ஒரு பக்கம் மெய்ப்புப் பாருங்கள். இடப் பக்கம் எழுத்து, வலப் பக்கம் நூலின் படம். பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இரண்டாவது ஆள் சரிபார்த்தது பச்சை. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் அங்கே நிறைய ஏறியிருக்கின்றன. நான் காலைக் காப்பியோடு இரண்டு பக்கம் பார்ப்பவன். பத்திரிகையில் குறுக்கெழுத்து போடுகிறவர்களுக்கு இருக்கும் அதே போதை.

இனி இணையத்தில் வெளியிடுவது. இங்கே நின்று நிதானிக்க வேண்டும். எழுதியவர் பெயர் இல்லாத அச்சுப் படைப்புக்கு நம் சட்டப்படி வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு காப்புரிமை. 1971 நோட்டீஸ் 2032 ஜனவரியில்தான் பொதுச் சொத்தாகும். உரிமை அச்சகத்துக்கா விழாக் குழுவுக்கா என்று வழக்காடினால் இருவருமே ‘எங்களுக்கா?’ என்று திகைப்பார்கள், அது வேறு. விக்கிமீடியா பொதுவகம் போன்ற இலவசப் படக் களஞ்சியங்கள் இதில் கறார், ஏற்றினால் நீக்கிவிடுவார்கள். ஆனால் எந்த ஊரில் எந்தத் தேதியில் என்ன நாடகம், யார் நடித்தார் என்ற தகவலுக்குக் காப்புரிமை கிடையாது. எனவே விரிதாளைத் தாராளமாக வெளியிடலாம், படங்களைக் கையோடு வைத்துக்கொள்ளலாம். பிந்திய நோட்டீஸ்களில் கலைஞர்களின் கைபேசி எண் இருக்கும். அந்தப் பத்தியைப் பொதுவில் காட்டாதீர்கள். உயிரோடிருப்பவரின் படத்தைப் போடுவதானால் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மதுரை சுண்ணாம்புக்காரத் தெருவில் நாடக நடிகர் சங்கம் இருக்கிறதே, அப்பா பெயரைச் சொல்லிப் போனால் நாற்காலி போடுவார்கள்.

விக்கிப்பீடியாவில் அப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதும் ஆசை வரும். வேண்டாம், அம்மா. மகள் தகப்பனைப் பற்றி எழுதுவதை அங்கே விரும்ப மாட்டார்கள். நோட்டீஸ் மட்டுமே சான்றாக இருந்தாலும் ஏற்க மாட்டார்கள். அச்சில் வந்த நூல், ஆய்வு, இதழ்க் கட்டுரை கேட்பார்கள். நூலகர் அங்கே செய்யக்கூடியது வேறொன்று உண்டு. ஏற்கெனவே உள்ள கட்டுரைகளில் ‘சான்று தேவை’ என்று தொங்கும் வரிகளுக்கு உங்கள் அலமாரியில் இருக்கும் நூலைத் திறந்து பக்க எண்ணோடு சான்று கொடுப்பது. போட்டித் தேர்வுக்குப் படிக்க வரும் பிள்ளைகளில் நாலு பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் வரலாற்றுப் பாடமும் ஏறும்.

வரைபடம் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்று ஒன்று இருக்கிறது, 2004இல் தொடங்கியது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நம் பக்கத்துக் கண்மாய்கள், ஊர் மந்தை, நாடக மேடை பலவற்றுக்கு அதில் பெயரே இருக்காது; இருந்தாலும் ஆங்கிலத்தில் குதறியிருக்கும். பஸ்ஸில் போகும்போதே தமிழ்ப் பெயரைச் சேர்க்கலாம். விரிதாளில் உள்ள ஊர்களை அதன் மேல் புள்ளிகளாகத் தூவிப் பாருங்கள். மாசியில் எந்தப் பக்கம், வைகாசியில் எந்தப் பக்கம் என்று அப்பா நடந்த தடம் தெரியும்.

செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவியைப் பற்றியும் காட்டியிருப்பார்கள். விரிதாளில் சூத்திரம் எழுதத் தெரியாமல் முழிக்கும்போது அதைக் கேளுங்கள், நல்ல வேலைக்காரன். ‘1974இல் இந்த ஊரில் ராஜபார்ட் யார்’ என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கூசாமல் ஒரு பெயரைச் சொல்லும்.

வேலை நேரம் பற்றி ஒரு சொல். இதையெல்லாம் வெள்ளிக்கிழமை விடுமுறையிலோ வீட்டிலோ செய்வது ஒரு வகை. நூலகத்தில் செய்ய வேண்டுமானால் வாசகர் வட்டத்தின் பெயரில், உள்ளூர் நாடக நோட்டீஸ் கண்காட்சி என்று மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் அனுமதி கேட்டு வாங்கிவிடுங்கள். வாய்ச் சொல் போதாது, ஆள் மாறினால் சொல்லும் மாறிவிடும். கண்காட்சிக்குச் செலவில்லை. நகல் எடுத்த முப்பது நோட்டீஸ், ஒரு கயிறு, துணி மாட்டும் கிளிப்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு இப்படி ஒன்றைச் செய்தோம், ஒரு மாணவன் கொண்டுவந்த பதினாறு நோட்டீஸை வைத்து. கல்லூரித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற வரும் பெரியவர் ஒருவர் வாளியோடு உள்ளே வந்து ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். நாரதர் வேடத்துக்கு அச்சில் இருந்த பெயரைத் தொட்டு, “இவர் அன்று வரவில்லை. பஸ் மறியல். பபூனே நாரதரும் கட்டினார்” என்றார். விரிதாளில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி அன்றைக்குத்தான் சேர்த்தேன். நோட்டீஸ் சொல்வது நடக்கவிருந்ததை. நடந்ததைச் சொல்ல ஆள் வேண்டும். உங்கள் வாசிப்பு அறையில் காலை ஒன்பது மணிக்குப் பேப்பர் படிக்க வரும் வேட்டிக்காரர்களில் இப்படி இரண்டு பேராவது இருப்பார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு கைபேசியில் பேச்சைப் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயரை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பதிவுக் கருவி என்று இதற்கு மேல் ஒன்றும் கற்க வேண்டியதில்லை.

கடைசியாக, ஆண்டில்லாத அந்த நோட்டீஸ்.

மே 10 வெள்ளிக்கிழமை எந்தெந்த ஆண்டில் வந்தது என்று கைபேசி நாட்காட்டியைப் பின்னோக்கித் தள்ளினாலே தெரியும். 1963, 1968, 1974, 1985, 1991, 1996, 2002, 2013, 2019, 2024. அப்பாவின் பெயர் மிருதங்கத்தில் இருந்தால் 1963உம் 1968உம் போயின. தமிழ்த் தேதியையும் விடாதீர்கள். சித்திரை 27 மே 10இல் விழ வேண்டுமானால் சித்திரை முதல் தேதி ஏப்ரல் 14இல் பிறந்திருக்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் லீப் ஆண்டுகளில் அது ஏப்ரல் 13இலேயே பிறந்துவிடும். அந்தக் கணக்கில் 1996உம் அடிபடுகிறது, அன்று சித்திரை 28.

மிச்சத்துக்குத் தாளைப் பாருங்கள். லை, ணை, னை எல்லாம் பழைய கொம்பு போட்டு இருக்கிறதா? எழுத்துச் சீர்திருத்த ஆணை 1978இல் வந்தது. ஈய எழுத்தை உடனே மாற்றப் பல அச்சகங்களுக்கு வசதியில்லாததால் கொம்பு இருந்தால் 1978க்கு முன் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் சாய்வு அந்தப் பக்கம். அச்சக முகவரி ‘மதுரை-1’ என்று முடிகிறதா, ஆறு இலக்கப் பின்கோடோடு முடிகிறதா? பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15. இருந்தால் அதற்குப் பிந்தியது நிச்சயம், இல்லாவிட்டால் ஒன்றும் நிச்சயமில்லை. விழா நடந்த ஊர் இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் இருந்து, தாளில் ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்று போட்டிருந்தால் 1985 மார்ச்சுக்கு முந்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்த மாதம்தான் பசும்பொன் தேவர் திருமகன் மாவட்டம் தனியே பிரிந்தது, சிவகங்கை என்ற பெயர் பிறகு வந்தது. அச்சுக்கோப்பவர் பழக்கத்தில் பழைய பெயரையே போட்டிருந்தால் இரண்டு மாதம் தள்ளியும் வந்திருக்கலாம், ஆகவே 1985ஐ முற்றிலும் கழித்துவிடாதீர்கள். தொலைபேசி எண் எத்தனை இலக்கம் என்றும் எண்ணுங்கள்.

இத்தனையும் ஒத்துவந்தால் அது 1974. விரிதாளில் ‘1974?’ என்று கேள்விக்குறியோடு எழுதி, பக்கத்துப் பத்தியில் காரணத்தையும் எழுதிவிடுங்கள். பிள்ளையார் சுழிக்குக் கீழே, சின்ன எழுத்தில், வருஷத்தின் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். 1974 ஆனந்த வருஷம். 1985 குரோதன. அந்தத் தாளில் மடிப்பு சரியாக அந்த இடத்தில்தான் விழுந்திருக்கும், எனக்குத் தெரியும். இழுக்காமல், ஈரத் துணி கொண்டு ஒற்றாமல், ஒரு இரவு கனமான அகராதிக்கு அடியில் வைத்துவிட்டுக் காலையில் பிரியுங்கள்.